அது பால்காரன் பாட்டு இல்லை

முட்டையின் தலையைத் தட்டி உடைக்கக்கூட ஹில்டா ரட்ஜுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் சாப்பாட்டு அறை ரேடியோவில் அந்தச் சனியன் ஆரம்பித்துவிட்டது. முதலில் சைலஃபோன், டிங்கிடி டிங்கிடி டிங் என்று மரக்கட்டைகளின் மேல் சுத்தியல் ஓட்டம். பின்னாலேயே வயலின்கள், பஸ்ஸைத் துரத்துகிற கும்பல் மாதிரி. ‘அடுப்படி நேரம்’ தொடங்கிவிட்டது என்று நாட்டிலுள்ள இல்லத்தரசிகளுக்கெல்லாம் தினமும் காலையில் அறிவிக்கிற இசை. பெயர் ‘பால்காரர் வருகிறார்’. எழுதியவர் கிளெமென்ட் ரட்ஜ். ஹில்டாவின் கணவர். இதோ, எதிரில் உட்கார்ந்து ரொட்டியில் மார்மலேட் தடவிக்கொண்டிருக்கிறாரே, அந்த மனுஷர்தான்.

விடுதிக்காரி மிஸஸ் ஹெப்வொர்த்துக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ரேடியோவை அலறவிட்டிருந்தாள். டீ ஜாடியைத் தூக்கிக்கொண்டு இடுப்பை ஆட்டியபடியே வந்தாள்.

“கேளுங்க மிஸ்டர் ரட்ஜ், உங்க பாட்டு! நீங்க நம்ம வீட்ல இருக்கறப்பவே போடறாங்க பாருங்க!”

“ஆமாங்க. ரொம்ப சந்தோஷம்” என்றார் கிளெமென்ட்.

“தினமும்தான் போடறாங்க. நாங்க செத்த அன்னிக்கும் போடுவாங்க” என்றாள் ஹில்டா.

“என்ன கண்ணு?”

“டீ நல்லாயிருக்குன்னேன்.”

கிளெமென்ட் மேஜைக்கு அடியில் காலை நீட்டி அவள் காலைத் தொட்டார். விடு, பரவாயில்லை என்று அர்த்தம். அந்த மனுஷர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை எது என்று கேட்டால் ஹில்டா தூக்கத்திலும் சொல்வாள். பரவாயில்லை! வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். வாசகசாலை வாசலில் வரிசையில் நின்றால் எல்லாரும் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொல்லுவார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிளெமென்ட் மெல்லிசைக்காரர் என்பதில் ஹில்டாவுக்கு வெட்கம் எதுவும் இல்லை. கடற்கரை மண்டபங்களில் ஜனங்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டு கேட்பதற்கும், பனிச்சறுக்கு அரங்கில் சுற்றிச்சுற்றி வருவதற்கும், மழை நாளில் ஜன்னல் ஓரம் துணி தைப்பதற்கும் அவர் வால்ட்ஸ் என்கிற சுழல்நடன மெட்டுகளும் அணிநடை மெட்டுகளும் எழுதினார். பெரிய சங்கீதக்காரர்கள் மூக்கைச் சுளித்தால் ஹில்டா அவர்கள் மூஞ்சிக்கு நேரே கேட்பாள், “உங்க சிம்பனியை எந்தக் கசாப்புக்காரன் விசிலடிக்கறான், சொல்லுங்க பாப்போம்?” என்று. அவர் எழுதியதில் அவளுக்குப் பிடிக்காத உருப்படி ஒன்றே ஒன்றுதான். அது இந்தப் பால்காரன். ஏனென்றால் அது பால்காரனுடைய பாட்டே இல்லை. அது அவளுடையது.

படங்கள் பேசாத காலத்தில் லூயிஷாமில் ஒரு சினிமாக் கொட்டகையில் திரைக்குக் கீழே இருந்த குழியில் அவர் பியானோ, அவள் செல்லோ, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கிற பெரிய வயலின். அங்கேதான் பழக்கம். ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்கு முன்னால் அவள் இசைத்தாங்கியில் கையால் எழுதிய ஒரு தாள் இருந்தது. செல்லோவுக்கு மட்டும். மேலே ‘மிக மெதுவாக’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். வாயால் கேட்கத் துணிச்சல் இல்லாத ஆள், தாளில் கேட்டிருந்தார். காட்சி ஆரம்பித்து, திரையில் ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஹில்டா அதை வாசித்தாள். கொட்டகையில் ஆரஞ்சு உரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் பியானோ பக்கம் திரும்பி, “சரி, எப்போ?” என்று கேட்டாள். குழிக்காரர்கள் எல்லாரும் அதை ஹில்டா பாட்டு என்றே சொன்னார்கள்.

அப்புறம் படம் பேச ஆரம்பித்தது. குழியை மூடிப் பலகை அடித்தார்கள். யுத்தம் வந்தது. தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரம் ஹில்டாவின் இடது கையில் இரண்டு விரல்களை மடங்காமல் செய்துவிட்டது. செல்லோவை விற்றார்கள். அதோடு அந்தப் பாட்டும் வாயை மூடிக்கொண்டது. கிளெமென்ட் ஒருமுறை பியானோவில் தொட்டுப் பார்த்தார். “வேண்டாம். அதுல வாசிச்சா அது அது இல்ல” என்று ஹில்டா மூடியைச் சாத்திவிட்டாள்.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் ஸ்டான்வே என்ற பதிப்பாளர் ஆள் அனுப்பினார். வானொலிக்கும் செய்திப்படத்துக்கும் தேவைப்படும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளத் துண்டுதுண்டாக இசையைப் பதிவு செய்து அலமாரியில் அடுக்கி வைப்பது அவர் வியாபாரம். சோகம் ஒரு தட்டில், புயல் ஒரு தட்டில், குதிரைப் பந்தயம் ஒரு தட்டில். கிளெமென்ட் கொண்டுபோன காகிதக் கட்டுக்குள் அந்தத் தாளும் இருந்தது. ஸ்டான்வே அதைப் பார்த்துவிட்டு, “மெட்டு பிரமாதம் ரட்ஜ். ஆனா சோகத் தட்டு நிரம்பி வழியுது. நாலு மடங்கு வேகமாக்கி சைலஃபோன் போட்டுக்கலாம், என்ன?” என்றார். நம்ம ஆள் என்ன சொல்லியிருப்பார்? மதியத்துக்குள் உரிமையை எழுதிக் கொடுத்து, பதிவும் முடிந்துவிட்டது. ‘சுறுசுறுப்பு, வீட்டு வேலை’ என்று அட்டை ஒட்டி அலமாரியில் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலேயே சொன்னார். “கொஞ்சம் வேகமா ஆக்கிட்டாங்க ஹில்.”

“எதை?”

அவர் சொன்னார். அவள் கையில் இருந்த தட்டு சுவரில் போய் உடைந்தது. அதன் தழும்பு அவர்களுடைய ஸ்ட்ரெதம் வீட்டுச் சமையலறையில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கும் அவர் சொன்ன வார்த்தை அதேதான். பரவாயில்லை விடு.

பத்து வருஷம்! பத்து வருஷமாக அவளுடைய கல்யாணப் பாட்டைக் கேட்டு நாடே பாத்திரம் துலக்குகிறது. மீன் கடைக்காரன் அவளைக் கண்டதும் விசிலடிப்பான், மரியாதை செய்கிறானாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருஷம் வசந்தத்தில்தான் ஒரு வழி திறந்தது. சாண்ட்ஸ்பி கடற்கரை மண்டபத்தில் கோடைக் கச்சேரிகளை நடத்துகிற ரெஜினால்ட் பூல், வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும் மதியக் கச்சேரி ஒன்றுக்குப் புது உருப்படி கேட்டார். மூன்று பகுதி, கடற்கரை சம்பந்தமாக ஏதாவது. கிளெமென்ட் இரண்டாம் பகுதிக்கு ‘மாலை’ என்று பெயர் வைத்தார். எழுதி முடித்த தாளைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். ஹில்டா பார்த்தாள். செல்லோ, தனியாக. மேலே ‘மிக மெதுவாக’, அடியில் இரண்டு கோடு. அவள் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். ஒரு பட்டாளத்துக்கே காணும் அளவுக்கு உரித்தாள்.

கடைசியில் கேட்டாள். “ஸ்டான்வே விடுவானா?”

“போய்க் கேட்டேன். இவ்ளோ மெதுவா வாசிச்சா யாருக்கும் அடையாளம் தெரியப்போறதில்ல, எடுத்துக்கோன்னு சிரிச்சார்.”

“நீயா போய்க் கேட்ட?”

“நான்தான்.”

“ஒரு தடவை கிளெம். ஒரே ஒரு தடவை அது எழுதின மாதிரி என் காதுல விழணும். அதுக்கப்புறம் அந்தப் பால்காரன் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.”

அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு ஹில்டா எழுந்தாள். “கிளம்பு. ஒத்திகைக்கு நேரமாச்சு.”

ஒத்திகை நன்றாகவே நடந்தது. அதுதான் வினை. செல்லோ வரிசையின் முதல் ஆள் ஐவர் ப்ரூவெட், வேல்ஸ்காரர், நரைத்த புருவம். தாளைப் பார்த்தார், வில்லைத் தொடையில் வைத்துக்கொண்டு கிளெமென்ட்டைக் கேட்டார்.

“யாருக்கு எழுதினீங்க இதை?”

கிளெமென்ட் பென்சிலால் பின்வரிசையைக் காட்டினார். ப்ரூவெட் கண்ணைச் சுருக்கி ஹில்டாவைப் பார்த்தார், தலையசைத்தார், வாசித்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஹில்டா தன் கைப்பையின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடங்குகிற விரல்கள் தாமாகவே அந்த இடங்களைத் தேடிப்போயின. ஆனால் பாதியிலேயே, குழுவை நடத்துகிற பூல் குச்சியைத் தட்டி நிறுத்தினார். “அருமை, அருமை. மிச்சத்தை மதியம் பாத்துக்கலாம். இப்ப அணிநடை.” சட்டையில் குத்திய கார்னேஷன் பூவை நேராக்கிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

மதியம் கேட்கத்தானே போகிறோம் என்று ஹில்டா பொறுத்துக்கொண்டாள்.

ஒத்திகை முடிந்து கடலோரம் பெஞ்சில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்தில் மீனும் உருளை வறுவலும் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது ப்ரூவெட் செல்லோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்து போனார். மண்டபத்துக்கு எதிர்த்திசையில். ரயில் நிலையம் இருக்கிற திசையில்.

ஹில்டாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க அவள் என்ன மளிகைக் கடையிலா வேலை பார்த்தாள்? ஒத்திகைக்கு ஒருத்தன் வருவான், கச்சேரிக்கு அவன் அனுப்பிய மாற்றாள் வருவான். அதைவிட நல்ல வேலை ஒன்று வந்தால் லண்டன் வாத்தியக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். குழியில் இருந்த காலத்தில் அவளும் செய்திருக்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“மிஸ்டர் ப்ரூவெட்! செல்லோவுக்குக் கடல்காத்து காட்டப் போறீங்களா?”

அவர் நின்றார். காது சிவந்தது. “மிஸஸ் ரட்ஜ்... லண்டன்ல ஒரு சினிமாப் பதிவு. இப்பதான் தந்தி வந்துச்சு. என்ன பண்றது சொல்லுங்க. நல்ல ஆளைத்தான் வரச்சொல்லியிருக்கேன், டல்ஸ்னு ஒருத்தன். எதைக் குடுத்தாலும் பார்த்ததும் வாசிப்பான்.”

“பார்த்ததும் வாசிப்பான்! அது என்ன காய்கறி விலைப் பலகையா? காலையில யாருக்கு எழுதினதுன்னு உருகிக் கேட்டீங்களே, அந்த வாய் எங்க போச்சு?”

“ரயிலுக்கு நேரமாச்சு...”

“போங்க. உங்க படம் நல்லா ஓடட்டும். ஓடி நாசமாப் போகட்டும்.”

ப்ரூவெட் போய்விட்டார். கிளெமென்ட் வறுவல் ஒன்றை எடுத்துக் கடற்பறவைக்குப் போட்டார். “பரவாயில்ல விடு ஹில். டல்ஸ் நல்ல வாசிப்புக்காரன்தான்.”

“இதையே உன் கல்லறையில செதுக்கச் சொல்றேன். ‘இங்கே கிளெமென்ட் ரட்ஜ் படுத்திருக்கிறார், பரவாயில்லை.’ எழுந்திரு! அந்த டல்ஸ் வந்ததும் போய்ச் சொல்லு. இது மெதுவா, ரொம்ப மெதுவா, சொந்தமா இழுத்து வாசிக்கணும்னு வாயைத் திறந்து சொல்லு.”

டல்ஸ் வந்த ரயில் தாமதம். அவர் மட்டுமல்ல, ஒரு டஜன் முகங்கள் மாறியிருந்தன. கிளெமென்ட் மேடையின் பக்கக் கதவு வரை போனார். ஹில்டா கூட்டத்துக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பூல் கதவை மறித்துக்கொண்டு ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார், பூல் இவர் தோளைத் தட்டினார், இவர் தொப்பியைத் தூக்கினார். தொப்பியைத் தூக்கிய அந்த நொடியிலேயே ஹில்டாவுக்குத் தெரிந்துவிட்டது.

“சொன்னியா?”

“கச்சேரி நேரத்துல உள்ள யாரையும் விடறதில்லையாம். வேகம்தான் தாள்லயே எழுதியிருக்குல்லன்னு கேட்டார். எழுதியிருக்குன்னேன்.”

“எழுதியிருக்காம்!” என்றாள் ஹில்டா. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பத்து வருஷத்துக்கு முன்னாடியும் எழுதித்தான் இருந்துச்சு.”

மேடை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபரப்பு தொடங்கிவிட்டது, இனி இருமினாலும் நாடு கேட்கும். மண்டபம் நிரம்பி வழிந்தது. கோடை விடுமுறைக் கூட்டம், மடியில் மழைக்கோட்டு, கையில் மிட்டாய்ப் பொட்டலம். முதல் பகுதி அலையும் குழந்தைகளுமாக நன்றாகவே போனது. கைதட்டினார்கள்.

இரண்டாம் பகுதியில் செல்லோ தனியாகத் தொடங்க வேண்டும். பூல் குச்சியைத் தாழ்த்தி, டல்ஸைப் பார்த்து, ‘உங்கள் விருப்பம்’ என்று கையால் சைகை செய்தார். டல்ஸ் சிவந்த கழுத்தும் சுருங்கிய காலருமாக, ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் உட்கார்ந்திருந்தார். தாளைப் புரட்டினார். முதல் வரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடடே, இதுவா! ‘அடுப்படி நேரம்’ வாத்தியக் குழுவில் வாரம் தவறாமல் வாசிக்கிறவர் அவர். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்? தன் வீட்டுக் கதவில் எண்ணைப் படித்துவிட்டா ஒருவன் உள்ளே நுழைகிறான்? மெல்லிசைக்காரர் தன் பிரபலமான மெட்டை நடுவில் செருகி ஜனங்களுக்கு வேடிக்கை காட்டுகிறார் போல என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணடித்தார். வில்லை வைத்தார். இழுத்துவிட்டார், நாலு கால் பாய்ச்சலில்!

டிங்கிடி டிங்கிடி டிங்!

ஜனங்கள் ஒரு நொடி திகைத்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. ‘நம்ம பால்காரன்!’ என்று ஒரு பெண் வாய்விட்டுக் கூவினாள். வயலின் மாற்றாள்கள் தாளில் இருந்ததை விட்டுவிட்டுத் தெரிந்ததை வாசித்தார்கள். இந்தப் பகுதியில் வேலையே இல்லாத சைலஃபோன்காரன் பாய்ந்து சுத்தியல்களை எடுத்தான். அப்புறம் தாளம். எங்கே கேட்டாலும் நம் ஜனங்கள் அதற்குத் தட்டுவார்களே, அந்தத் தாளம், ஆயிரம் கைகள், சப், சப், சப்.

பூல் குச்சியை உயர்த்தியபடி ஒரு நொடி அசையாமல் நின்றார். அந்த ஒரு நொடியை ஹில்டா பார்த்தாள். அவர் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் காதில் விழுந்ததும் அந்தக் கார்னேஷன் பூக்காரர் முகத்தில் வெயில் அடித்தது. வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பி, குச்சியை ஆட்டி, தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள் என்று கைதட்டலை நடத்தத் தொடங்கிவிட்டார்.

ஹில்டா பக்கத்தில் திரும்பினாள். கிளெமென்ட்டின் உதட்டு ஓரம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஸ்டான்வேக்குச் சிரித்த சிரிப்பு, மீன் கடைக்காரனுக்குச் சிரித்த சிரிப்பு.

“சிரிக்காத” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “இப்ப நீ சிரிச்சேன்னா கிளெம், நான் உன்கூட வீட்டுக்கு வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையின் மேல் இருந்த அவள் இடது கையைப் பார்த்தார். மூன்று விரல்கள் பையின் தோலைக் கிள்ளிப் பிடித்திருந்தன. மடங்காத இரண்டும் நீட்டிக்கொண்டு நின்றன. அவர் எழுந்தார்.

வெளியே போகிறார் என்றுதான் ஹில்டா நினைத்தாள். எப்போதும் அதுதானே வழக்கம். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். ஆனால் அவர் நடுவழியில் மேடையைப் பார்த்து நடந்தார். இசையமைத்தவர் வணக்கம் சொல்ல வருகிறார் என்று ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். பூல் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கிளெமென்ட் அந்தக் கையைத் தாண்டிப் போனார். நேராக டல்ஸிடம் போய், தன் உள்ளங்கையை அப்படியே செல்லோவின் தந்திகள் மேல் வைத்து அழுத்தினார்.

பாட்டு நொண்டி நின்றது. கடைசியில் சைலஃபோன்காரனும் நிறுத்தினான். கைதட்டல் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்ச நேரம் நிற்கத் தெரியாமல் கேட்டது.

“நிறுத்துங்கய்யா!”

கிளெமென்ட் ரட்ஜ் கத்தினார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஹில்டா கேட்டிராத சத்தம்.

“இது பால்காரன் பாட்டு இல்ல! கேக்குதா? இது என் பொண்டாட்டி பாட்டு. அவளைக் கட்டிக்கக் கேட்டு நான் எழுதினது. அவ வாசிச்ச பாட்டு. அதைத் திருடிக்கிட்டுப் போய் நீங்க பாத்திரம் கழுவறீங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன், பத்து வருஷமா, எருமை மாடு மாதிரி!”

சிவப்பு விளக்கு அணைந்தது. பக்கவாட்டுக் கதவிலிருந்து வானொலிக்காரர் ஒருவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டே ஓடிவந்தார்.

“ரட்ஜ், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்று பூல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “நேரடி ஒலிபரப்புடா!”

“தெரியும் ரெஜி. நீ உக்காரு.”

“இனிமே வானொலிப் பக்கம் உன்னால தலைவெச்சுப் படுக்க முடியாது.”

“உக்காருன்னேன்.”

பூல் உட்காரவில்லை. ஆனால் குச்சி கீழே இறங்கிவிட்டது. டல்ஸ் வில்லை மடியில் வைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்க தலைவரே. எனக்கு எப்படித் தெரியும்?”

“மேல என்ன எழுதியிருக்கு? படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

“‘மிக மெதுவாக.’” டல்ஸ் இரண்டு கோடுகளையும் விரலால் தடவினார். “அட ஆமா. கோடெல்லாம் போட்டிருக்கீங்க.”

“இப்ப வாசிங்க.”

டல்ஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். காலையில் ப்ரூவெட் வாசித்த அளவுக்கு இல்லை. வில் கொஞ்சம் நடுங்கியது, ஒரு ஸ்வரம் இடம் பிசகிப் புளித்தது. என்றாலும் அதுதான், அதே பாட்டு, நடக்கிற வேகத்தில்கூட இல்லை, யாரோ வருவதற்குக் காத்து நிற்கிற வேகத்தில். முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பழக்க தோஷம், ஸ்வரத்துக்கு ஒன்றாகத் தட்ட ஆரம்பித்தாள். கிளெமென்ட் மேடையிலிருந்து அவளைப் பார்த்தார். கைகள் மடிக்குப் போய்விட்டன. மிட்டாய்க் காகிதம் பிரிக்கிற சத்தமும் நின்றது.

கேட்டதும் ஹில்டாவின் மனசு குளிர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவள் அழவும் இல்லை. பையின் மேல் மூன்று விரல்களும் கூடவே போய்க்கொண்டிருக்க, அவளுக்குக் கோபம்தான் பொங்கிப்பொங்கி வந்தது. இவ்வளவுதானா? ஒருத்தர் ஒரு தடவை தொண்டையைத் திறந்திருந்தால் போதுமா? இதற்கா இத்தனை வருஷம்? இந்த ஜனங்களுக்கும்கூட இது கிடைத்திருக்குமே! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி ஸ்வரம் வரை கேட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை.

முடிந்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் மழைக்கோட்டைத் தேடினார்கள். கிளெமென்ட் வணக்கம் சொல்லாமல் இறங்கி வந்தார். ஹில்டா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

கடலோரமாக நடக்கும்போது, “புளிச்சுது, கேட்டியா? மூணாவது வரியில” என்றாள்.

“கேட்டேன்.”

“நான் வாசிச்சப்போ அது புளிக்கல.”

“ஒருநாளும் புளிக்கல” என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விடுதியில் சாயங்காலச் சாப்பாட்டு மேஜை தயாராக இருந்தது. பன்றித் தொடைக்கறி, ரொட்டி, வெண்ணெய், ஊறுகாய். மிஸஸ் ஹெப்வொர்த் டீ ஜாடியோடு வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் பல்.

“வாங்க மிஸ்டர் ரட்ஜ், வாங்க! எல்லாரும் ரேடியோவைச் சுத்தித்தான் உக்காந்திருந்தோம். நடுவுல என்னமோ கோளாறாமே கண்ணு? யாரோ கத்தற மாதிரி இருந்துச்சு, எனக்குச் சரியா விழல, அப்புறம் சத்தமே இல்ல. நான் பதறிப்போயிட்டேன். அந்த அறிவிப்பாளர் இருக்காரே, தங்கமான மனுஷன், மன்னிப்புக் கேட்டுட்டு உடனே ரெக்கார்டு போட்டுட்டார். என்ன ரெக்கார்டு சொல்லுங்க?”

இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்டா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பால்காரர்! முழுசா! அது முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவை! நம்ம சமையல்காரி கரண்டியோட ஆடினா பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சோம்.” மிஸஸ் ஹெப்வொர்த் டீயை ஊற்றிக்கொண்டே இடுப்பை ஆட்டினாள். “டிங்கிடி டிங்கிடி...”

ஆக, அந்த மண்டபத்தில் டல்ஸ் வியர்த்து விறுவிறுத்து மெதுவாக வாசித்த அதே நேரத்தில் நாடு முழுக்க இதுதான் ஓடியிருக்கிறது. ஹில்டா கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த ஒற்றை வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தாள். வந்தால் இந்த ஊறுகாய் ஜாடி சுவருக்குத்தான் என்று முடிவுசெய்து அதைக் கையிலும் எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நிறுத்துங்க!” என்றார் கிளெமென்ட். எழுந்து நின்றிருந்தார். முஷ்டியால் மேஜையைக் குத்தியதில் கோப்பைகள் குதித்தன. “அந்தப் பாட்டை என் எதிரில முணுமுணுக்காதீங்க! இன்னிக்கு மட்டும் இல்ல, நாளைக்குக் காலையிலயும் கிடையாது. அது திருட்டுப் பாட்டு! என் பொண்டாட்டிகிட்டேருந்து திருடினது!”

பாவம், மிஸஸ் ஹெப்வொர்த் என்ன செய்தாள்? ஒரு தப்பும் இல்லை. டீ ஜாடி அந்தரத்தில் நின்றது. வாயிலிருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஹில்டா பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“என்ன கண்ணு சொல்றார்?”

வேறு யாராவதாக இருந்தால் சமாதானம் செய்திருப்பார்கள். அவருக்குக் களைப்பு, தப்பா எடுத்துக்காதீங்க, டீ ரொம்ப நல்லாயிருக்கு என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஹில்டா நாப்கினை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். ஊறுகாய் ஜாடியை அதன் இடத்தில் வைத்தாள்.

“இன்னும் சத்தமா சொல்லு கிளெம்” என்றாள். “அவங்களுக்குக் காது சரியா கேக்காது.”